மத்தியானத் தூக்கமும் நாலு பின் காத்தாடியும்

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. பாஞ்சாலை வேப்பம்பூப் பச்சடி செய்தாள். பூ ஜாஸ்தி, வெல்லம் கம்மி. சொன்னால், "வருஷம் எப்பிடி இருக்கப் போவுதோ அப்பிடித்தான் பச்சடியும் இருக்கும்" என்கிறாள். முப்பது வருஷமாகிறது, இந்த வாய்க்கு ஒரு ஃபியூஸ் கட்டை கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை.

மகன் விமல்ராஜ் பத்தரை மணிக்கு எழுந்து வந்தான். வயது இருபத்து நாலு. நல்ல நாளாயிற்றே, காலில் விழுவான் என்று சேரில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். "இன்னா நைனா, குரூப் போட்டோவுக்கு உக்காந்த மாதிரி உக்காந்துனு இருக்க?" என்று கேட்டுவிட்டுப் பல் விளக்கப் போய்விட்டான்.

பக்கத்து வீட்டில் ஒரு ஆபீசர் குடும்பம். அந்தப் பிள்ளைகள் அப்பாவை வாங்க, போங்க என்றுதான் பேசுகின்றன. என் பிள்ளைக்கு நான் நைனா. நீ, வா, போ. முப்பத்து மூன்று வருஷம் ஒயர்மேனாகக் கம்பம் ஏறி இறங்கி, வேங்கிக்காலில் வீடு கட்டிக்கொண்டு வந்தது இந்த மரியாதைக்குத்தான்.

ஏப்ரல் 17, வியாழன்

ஆபீசர் வீட்டு மோட்டார் ஒயர் எலி கடித்துக் கிடந்தது. போய் ஒட்டிக் கொடுத்தேன். டேப் சுற்றி முடிக்கும்போது நுனியை அரை விரல் மடித்து விடுவேன். அடுத்து பிரிக்கிறவன் நகத்தால் சுரண்டிக்கொண்டு நிற்க வேண்டாம் என்று. இந்தப் பக்கத்தில் வேறு எவனும் அப்படிச் செய்வதில்லை. கம்பத்தின் மேலிருந்தே, "இது கோதண்டராமன் அண்ணன் சுத்து" என்று சொல்லிவிடுவார்கள். ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆனாலும் விரல் மறக்கவில்லை.

ஆபீசர் சம்சாரம் காபி கொடுத்தாள். பையன் என்ன செய்கிறான் என்று கேட்டாள். கம்ப்யூட்டரில் பொம்மை செய்கிறான் என்றேன். சிரித்தாள். எனக்குத்தான் உறைத்தது.

ஏப்ரல் 20, ஞாயிறு

நம் வீட்டுத் துரை, விமல்ராஜ், புதுக் கம்ப்யூட்டர் கட்டுகிறார். செங்கம் ரோட்டில் மணி என்று ஒருத்தன் கடை வைத்திருக்கிறான். அவனிடமிருந்து போர்டு பழசு, பெட்டி புதுசு, காத்தாடிகள் எல்லாம் புதுசு. பெட்டியின் ஒரு பக்கம் கண்ணாடி. குடலைக் காட்டுவதில் இவர்களுக்கு என்ன பெருமையோ.

காத்தாடி ஒன்றல்ல, ஐந்து. முன்னால் மூன்று, பின்னால் ஒன்று, நடுவில் சிப்பின் தலையில் ஒன்று. "முன்னால இருக்கிறது காத்த உள்ள இழுக்கும் நைனா, பின்னால இருக்கிறது வெளிய தள்ளும். மாத்தி மாட்டினா சூடு உள்ளயே சுத்தும். இதோ, ஓரத்துல அம்புக்குறி போட்டிருக்கான் பாரு." மாட்டி முடித்ததும் பூஜை அலமாரியிலிருந்து ஊதுபத்தி கொண்டுவந்து பெட்டி முன்னால் பிடித்தான். புகை உள்ளே போய்ப் பின்பக்கமாக வந்தது. "கம்ப்யூட்டருக்கே பூஜையா?" என்று பாஞ்சாலைக்கு ஒரே சிரிப்பு.

நடுக்காத்தாடியின் பிளக்கில் நாலு பின். "கருப்பும் மஞ்சளும் கரண்ட்டு. பச்சை, எவ்ளோ வேகத்துல சுத்துறேன்னு போர்டுக்குச் சொல்லும். நீலம், எவ்ளோ சுத்தணும்னு போர்டு இதுக்குச் சொல்லும்." பன்னிரண்டு வோல்ட் சமாச்சாரம். பதினோராயிரம் வோல்ட்டைப் பார்த்தவனுக்கு இதைப் பாடம் எடுக்கிறான்.

ஆனால் ஒயர்களைப் பின்பக்கமாக ஒதுக்கி, டேக் போட்டுக் கட்டிய விதம் சுத்தம். அதை அவனிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஆகாய விமானம் வீட்டுக்குள் இறங்குகிறது. சிப் சூடாக ஆக நடுக்காத்தாடி வீறிடுகிறது. அவன் அறைக்கும் நான் படுக்கும் ஹாலுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். சீலிங் ஃபேனையே நான் மூன்றுக்கு மேல் வைப்பதில்லை, ஐந்தில் வைத்தால் டக்டக் என்று அடிக்கும், தூக்கம் வராது என்று. இப்போது இது.

"ஒரு ரெகுலேட்டர் வெச்சா என்னடா?" என்றேன். நியாயமான கேள்விதானே?

அவன் அப்போது போனில் இருந்தான். கீர்த்தனா என்று ஒரு பெண், சென்னையில் ஏதோ அனிமேஷன் கம்பெனியில் இருக்கிறாள், இவனோடு படித்தவள். "ஏய், எங்க நைனா கம்ப்யூட்டர் ஃபேனுக்கு ரெகுலேட்டர் கேக்குது" என்று அவளிடம் சொல்லிச் சிரித்தான். அந்தப் பக்கமும் சிரிப்பு கேட்டது. பிறகு என்னிடம், "அதுவே சூட்டப் பாத்து ஏத்தி இறக்கிக்கும் நைனா. கோடு போட்டு வெச்சிருக்கேன். அம்பது டிகிரில இவ்ளோ, எழுபதுல இவ்ளோன்னு. நீ எதையும் தொடாத."

ஒரு பெண்பிள்ளையிடம் என்னைச் சொல்லிச் சிரிக்கிறான். இருக்கட்டும்.

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் ஆரம்பம். மலையே காய்ந்து கிடக்கிறது, பொழுது சாய்ந்தும் அனல் விடுகிறது. மத்தியானம் இரண்டு மணியிலிருந்து நாலரை வரை எனக்கு அந்தத் தூக்கம் ஒன்றுதான் மிச்சம். அதுவும் இல்லை. உய்ய்ய் என்று ஒரே சத்தம்.

கதவைத் தட்டிச் சொன்னேன். "இன்னும் ரெண்டு வாரம் பொறுத்துக்க நைனா. இது கெடச்சிட்டா நான் மெட்ராஸ் போயிடுவேன், நீ நிம்மதியா தூங்கலாம்" என்றான்.

கிடைக்க வேண்டியது இதுதான். அந்தக் கீர்த்தனாவின் கம்பெனியில் ஒரு இடம் காலி. ஒன்றரை நிமிஷத்தில் சொந்தமாக ஒரு படம் செய்து பதினாறாம் தேதி காலை பத்து மணிக்குள் அனுப்ப வேண்டும். பிடித்தால் வேலை. ஒன்றரை நிமிஷப் பொம்மைக்கு ஒரு வேலை! குரூப் ஃபோருக்கு விண்ணப்பம் போடுடா என்று நாலு தடவை சொன்னேன். காதில் வாங்கவில்லை.

மே 9, வெள்ளி

அவன் இல்லாதபோது அறைக்குள் போனேன். திரையில் பெரிய தேர், மாட வீதி முனையில் திரும்புகிற மாதிரி நிற்கிறது. சக்கரத்துக்குக் கட்டை போடுகிற ஆட்கள், வடம், வீட்டு மாடிகளில் கூட்டம். தேர் உச்சியில் துணி அசைவது நிஜமாகவே இருந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன்.

சாப்பிடும்போது, "தேருல சாமியையே காணோமே" என்றேன். "இருக்குது நைனா, நீ சரியா பாக்கல" என்றான். முகம் சுண்டிவிட்டது. சோறு பாதியில் வைத்துவிட்டான்.

பாஞ்சாலை: "நல்லாருக்குன்னு ஒரு வார்த்த சொன்னா உங்க வாயில இருக்கிற முத்து உதிர்ந்துடுமா?"

மே 12, திங்கள்

சித்ரா பௌர்ணமி. ஊர் கொள்ளாத கூட்டம். பால் வாங்கப் போனவன் ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தேன்.

இன்று காலை ஆறு மணிக்கு ஓட்ட ஆரம்பித்துவிட்டான். மொத்தம் இரண்டாயிரத்து நூற்று அறுபது படங்களாம். ஒரு படம் உருவாக இரண்டு நிமிஷம். மூன்று நாள் ராத்திரி பகல் ஓட வேண்டும். அதாவது மூன்று நாள் எனக்குத் தூக்கம் இல்லை.

மே 13, செவ்வாய்

தூங்கவில்லை. தலைவலி. பாஞ்சாலை தைலம் தடவிவிட்டு, "புள்ள வாழ்க்கை, ரெண்டு நாள் பொறுங்க" என்கிறாள். என் வாழ்க்கையை எவன் பொறுத்தான்?

மே 14, புதன்

எழுதிவிடுகிறேன். இது என் டைரி. இங்கே என்னைக் கேள்வி கேட்க எந்தத் தாசில்தாரும் இல்லை.

இன்று மாதாந்திரப் பராமரிப்பு, காலை ஒன்பது முதல் இரண்டு வரை கரண்ட் இல்லை. அதே நாளில் கீழ்பென்னாத்தூரில் பாஞ்சாலையின் மாமா காரியம். விமல்ராஜ்தான் பைக்கில் அவளைக் கூட்டிப்போக வேண்டும். எட்டரைக்குக் கம்ப்யூட்டரை நிறுத்தினான். கிளம்பும்போது என் தோளில் கை போட்டுச் சொன்னான்: "நைனா, ரெண்டு மணிக்கு கரண்ட் வந்தா சுவிட்ச் மட்டும் போட்டுடு. விட்ட எடத்துல இருந்து அதுவே ஓடும். நாளைக்கு மத்தியானம் முடிஞ்சிடும். உன்ன நம்பித்தான் போறேன்."

போனதும் வீடு அமைதியாயிற்று. இரண்டு நாளுக்குப் பிறகு காதில் காக்காய்ச் சத்தம் விழுந்தது. இரண்டு மணிக்கு மறுபடியும் அந்த வீறிடல் என்று நினைத்ததும் எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. ரெகுலேட்டர் கேட்டதற்குத்தானே சிரித்தான்? ரெகுலேட்டர் என்றால் என்ன, நடுவில் ஒரு தடை. பழைய டேப் ரிக்கார்டரைப் பிரித்தபோது எடுத்து வைத்த ரெசிஸ்டர் ஒன்று, வெள்ளைச் செங்கல் மாதிரி இருக்கும், என் டூல்ஸ் பையில் கிடந்தது. பெட்டியின் கண்ணாடியைக் கழற்றினேன். நடுக்காத்தாடியின் மஞ்சள் ஒயரை வெட்டி, நடுவில் அதைக் கோர்த்து, டேப் சுற்றினேன். ஏழு நிமிஷ வேலை. பாதி வோல்ட், பாதி சத்தம். அவ்வளவுதான் நினைத்தேன். சத்தியமாக அவ்வளவுதான்.

இரண்டு ஐந்துக்குக் கரண்ட் வந்தது. சுவிட்ச் போட்டேன். திரையில் இங்கிலீஷில் ஒரு வரி: சிப்பின் ஃபேன் கோளாறு, தொடர எஃப் ஒன்றை அழுத்தவும்.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நடுக்காத்தாடி ஒரு உதறு உதறிவிட்டு அப்படியே நின்றது. மோட்டார் கிளம்பும்போது அதிகமாக இழுக்கும், அதற்கு இந்த வோல்ட் போதாது. இது எனக்குத் தெரியாதா? தெரியும். விரலால் ஒரு தட்டுத் தட்டினால் சுற்ற ஆரம்பித்திருக்கும். அதற்கு மறுபடி கண்ணாடியைக் கழற்ற வேண்டும். நாலு ஸ்க்ரூ.

மற்ற நாலும்தான் சுற்றுகிறதே என்று சொல்லிக்கொண்டேன். எஃப் ஒன்றை அழுத்தினேன்.

நல்ல தூக்கம். அப்படித் தூங்கி மாதம் ஆகிறது.

நாலரைக்கு எழுந்தேன். சுவிட்ச் கருகின மாதிரி பேக்லைட் நாற்றம். திரை கருப்பு. சுவிட்சைத் தட்டித் தட்டிப் பார்த்தேன், உயிர் இல்லை. சூட்டில் அணைந்து அணைந்து தானாகவே எழுந்திருக்கும் போல, மத்தியானம் முழுக்க. கண்ணாடியைக் கழற்றிக் கை வைத்தேன், விரல் பொள்ளியது. ரெசிஸ்டரை எடுத்தால் வெட்டிய ஒயர் தெரியும். எடுக்காவிட்டால் ரெசிஸ்டர் தெரியும். கடைசியில் அதைப் பின்பக்கம் ஒயர் கட்டுக்குள் ஆழமாகச் செருகிவிட்டேன். அங்கே யார் பார்க்கப் போகிறார்கள்.

ஆறரைக்கு வந்தார்கள். வண்டியிலிருந்து இறங்கும்போதே, "நைனா, ஓடுதா?" என்றான். "போட்டேன். கொஞ்ச நேரத்துல நின்னுடுச்சி" என்றேன். அவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினான்.

நான் பேப்பரை விரித்துக்கொண்டு ஹாலில் உட்கார்ந்தேன். செல்போன் வெளிச்சம் அறைக்குள் அங்கும் இங்கும் போய்க்கொண்டிருந்தது. பிறகு ஓரிடத்தில் நின்றது. ரொம்ப நேரம் நின்றது. எனக்குப் பேப்பரில் ஒரு எழுத்து ஓடவில்லை.

வெளியே வந்தான். என் முகத்தைப் பார்த்தான். "நடு ஃபேன் சுத்தல. நான்தான் பின்ன சரியா மாட்டல போல இருக்குங்க" என்றான்.

அவனுக்குத் தெரியவில்லை! என் மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது.

மூச்சு வந்ததும் வாயும் வந்துவிட்டது. "ஊரு தேரையெல்லாம் ஓட்டுறவனுக்கு ஒரு காத்தாடி மாட்டத் தெரியல. இந்த லட்சணத்துக்கு உனக்கு எவன் வேலை குடுப்பான்?" என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். ஆபீசர் வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டே நின்றான். "சரிங்க" என்றான்.

மே 15, வியாழன்

காலையில் பெட்டியை பைக்கில் கட்டிக்கொண்டு மணி கடைக்குப் போனான். நான் வாசலிலேயே காத்திருந்தேன். மணி பார்த்தால் ஒரு நொடியில் சொல்லிவிடுவான்.

மத்தியானம் திரும்பி வந்தான். "போர்டு போயிடுச்சிங்க. பழசு இல்லையா, சூடு தாங்கல. படமெல்லாம் டிஸ்க்குல பத்திரமா இருக்குது, முடிஞ்ச வரைக்கும் மணி கடையிலேர்ந்து அனுப்பிட்டேன். மிச்சம் ஓட்டத்தான் மெஷின் இல்ல." வேறொன்றும் சொல்லவில்லை. மணி ஒரு குருட்டுப் பயல். கும்பிட்டுக்கொண்டேன்.

டூல்ஸ் பையைக் காணோம். கேட்டால், பரணில் போட்டுவிட்டேன் என்றாள் பாஞ்சாலை. "இனிமே எதுக்கு அது, காலுல இடறிக்கினு?" என்றாள். கிடக்கட்டும், எனக்கும் அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

மே 16, வெள்ளி

பத்து மணி ஆயிற்று. கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்து அவன் இட்லி சாப்பிட்டான். முள் பத்தைத் தாண்டியதும் தட்டை எடுத்துப் போய்க் கழுவி வைத்தான்.

மே 19, திங்கள்

மத்தியானம் புது நம்பரிலிருந்து போன். அந்தக் கீர்த்தனா. விண்ணப்பத்தில் அவசரத்துக்கு என்று என் நம்பரைக் கொடுத்திருக்கிறான்.

"சார், விமல் மூணு நாளா போனே எடுக்கல. அவன்கிட்ட ஒண்ணு சொல்லணும் சார். முடிஞ்ச வரைக்கும் அவன் அனுப்பின படத்தைப் பாத்தாங்க, எல்லாருக்கும் புடிச்சிருக்கு. வர்ற திங்கள் வரைக்கும் டைம் வாங்கிட்டேன். மெஷின் இல்லன்னா இங்க வந்து ஓட்டிக்கட்டும். எப்பிடியாவது சொல்லிடுங்க சார்."

"சொல்றேன்மா" என்றேன்.

"இன்னொண்ணு சார். தேர் வர்றப்ப கம்பம் ஏறி கரண்ட்டு ஒயரைத் தூக்கிப் புடிக்கிறாரே ஒருத்தர், காக்கி சட்டை, இடுப்புல பெல்ட்டு. அது நீங்கதானாமே? தேரே அவரைத் தாண்டித்தான் திரும்புது. அந்த ஷாட்டைத்தான் எங்க சார் திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்தாரு."

பத்தொன்பது வருஷம் தீபத் திருவிழாவில் தேர் வீதிக் கம்பங்களில் நான் நின்றிருக்கிறேன். தேர் வரும் முன்னால் லைனைத் துண்டித்து, ஒயரை ஒதுக்கி, தேர் போனதும் திரும்பக் கட்ட வேண்டும். ஒரு வருஷம் இவனைத் தோளில் வைத்துக்கொண்டு பாஞ்சாலை கீழே நின்றிருந்தாள். இவனுக்கு நாலு வயது இருக்கும். கை தட்டினான். அதையா ஞாபகம் வைத்திருக்கிறான்?

நான் பார்த்தபோது அது என் கண்ணில் படவில்லையே. சாமியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

சொல்லிவிட வேண்டும். சாயங்காலம் வந்ததும் சொல்லிவிட வேண்டும்.

மே 19, அதே நாள், விளக்கு வைத்த பிறகு

சொல்லவில்லை.

சொன்னால் மறுபடி மெஷினைக் கட்டுவான். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பிரிப்பான். அந்த ஒயர் கட்டையும் பிரிப்பான். போன வாரம் அத்தனை பேச்சு பேசிவிட்டு, அப்புறம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நிற்பது? என்னோடு வேலை பார்த்த இருசப்பன் வேறு ஒரு வேலை பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னான். பொம்மை வேலை இன்றைக்கு இருக்கும், நாளைக்கு இருக்காது. அடியாத மாடு படியாது. அவன் நல்லதுக்குத்தான்.

அவன் நல்லதுக்குத்தானா? தெரியல. போதும், இன்னிக்கு எழுதல.

மே 26, திங்கள்

அந்தத் திங்கள் இன்றுதான். போயிற்று.

ஜூன் 2, திங்கள்

இருசப்பன் சொன்னபடி செய்துவிட்டான். அவன் மருமகன் மூலமாக இங்கே வேங்கிக்காலிலேயே ஒரு ஆபீசில் கம்ப்யூட்டரில் பதிவு போடுகிற ஒப்பந்த வேலை. விமல்ராஜிடம் சொன்னேன். சண்டை போடுவான் என்று நாலு பதில் தயாராக வைத்திருந்தேன். "சரிங்க, எப்ப போகணும்?" என்றான்.

வைத்திருந்த நாலு பதிலும் வீண்.

ஜூன் 18, புதன்

பையன் திருந்திவிட்டான். ஆறு மணிக்கு எழுந்திருக்கிறான். சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு போகிறான். போகும்போது "போயிட்டு வரேங்க". வந்ததும் "சாப்பிட்டீங்களா?" நான் வந்தால் எழுந்து நிற்கிறான். நேற்று ஆபீசர் சம்சாரம், "உங்க பையன் எவ்ளோ மரியாதை!" என்று பாஞ்சாலையிடம் சொன்னாளாம். நான் மீசையைத் தடவிக்கொண்டேன். பாஞ்சாலை அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வீடு அவ்வளவு அமைதி. தினமும் இரண்டரை மணி நேரம் தூங்குகிறேன்.

ஜூலை 7, திங்கள்

அந்தக் கீர்த்தனா நேற்று அவனைக் கூப்பிட்டாள் போலிருக்கிறது. மாடிக்குப் போய்ப் பேசினான். இறங்கி வந்து என் முன்னால் நின்றான். ஏதோ கேட்கப் போகிறான் என்று பேப்பரை மடித்து வைத்தேன்.

"மாத்திரை போட்டுக்கிட்டீங்களா?" என்றான்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வெளியே போய்விட்டு வந்தால் அடுப்படியில் எவனோ ஏணி போட்டு நிற்கிறான். டியூப் லைட் சோக் மாற்ற ஆள் கூப்பிட்டிருக்கிறார்கள்! என் வீட்டில்! கம்பம் ஏறியவன் வீட்டில் வெளியாள் ஒயரைத் தொடுகிறான்.

கத்தினேன். "நீங்க எதுக்குங்க சிரமப்படணும்?" என்றான் விமல்ராஜ். நிதானமாக, அதட்டாமல். பாஞ்சாலை என்னைப் பார்க்கவே இல்லை. அந்த ஆள் போகும்போது சுற்றியிருந்த டேப்பைப் பார்த்தேன். நுனியை மடிக்கவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

விமலு கடைசியாக என்னை நைனா என்று கூப்பிட்டது எப்போது? பழைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். மே பதினாலு, வண்டியிலிருந்து இறங்கும்போது.

அதன் பிறகு அப்பா என்றும் கூப்பிடவில்லை. எப்படியும் கூப்பிடவில்லை. எதிரே வந்து நின்று பேச ஆரம்பிக்கிறான், அவ்வளவுதான்.

கேட்டதுதானே கிடைத்தது.

செப்டம்பர் 21, ஞாயிறு

இன்று வேண்டுமென்றே சாம்பாரில் உப்பு இல்லை என்று அவன் மேல் எரிந்து விழுந்தேன். உப்புப் போட்டது அவனில்லை. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசட்டும் என்றுதான் செய்தேன். எழுந்துபோய் உப்புக் கிண்ணத்தைக் கொண்டுவந்து என் தட்டுப் பக்கத்தில் வைத்தான்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை.

காலையிலேயே விமல்ராஜ் பரணில் ஏறி என் டூல்ஸ் பையை இறக்கினான். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. வேலையில் இருந்த காலத்தில் அதற்குப் பூஜை போடாத வருஷம் கிடையாது. குளித்துவிட்டு வந்தேன். சாமி ரூமில் பலகை போட்டு, வாழை இலை விரித்து, அவனே எல்லாவற்றையும் வைத்திருந்தான். "உங்க சாமானெல்லாம் நானே தொடச்சி வெச்சிட்டேங்க" என்றான்.

கட்டிங் பிளேயர். டெஸ்டர். இரண்டு ஸ்க்ரூ டிரைவர். மீட்டர். இடுப்புப் பெல்ட். எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம். டெஸ்டருக்கும் மீட்டருக்கும் நடுவில் அந்த வெள்ளை ரெசிஸ்டர். இரண்டு பக்கமும் மஞ்சள் ஒயர்த் துண்டு. கருப்பு டேப், நுனி அரை விரல் மடித்தது. அதற்கும் சந்தனம், அதற்கும் குங்குமம்.

பாஞ்சாலை மணி அடித்தாள். அவன் கற்பூரம் ஏற்றி ஒவ்வொரு சாமானாகச் சுற்றிக் காட்டினான். அதற்கும் காட்டினான். பிறகு தட்டை என் முன்னால் நீட்டினான். எனக்குக் கை வரவில்லை.

"ஒத்திக்குங்க" என்றான்.

ஒத்திக்கொண்டேன்.

பொரியும் கடலையும் கலந்து கொண்டுவந்து கொடுத்தான். "வெல்லம் போதுமாங்க?" என்று கேட்டான். போதும் என்றேன்.

அக்டோபர் 2, வியாழன்

விஜயதசமி. பூஜையில் வைத்ததை இன்று எடுத்து, ஒரு வேலையாவது செய்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். எல்லாவற்றையும் எடுத்துப் பையில் போட்டேன். அதை மட்டும் தொடவில்லை. இலையோடு அங்கேயே இருக்கிறது.

அவன் நண்பன் வீட்டுக்குப் போன பிறகு அடுப்படிக்குப் போனேன். "உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?" என்று கேட்டேன்.

பாஞ்சாலை வெங்காயம் அரிவதை நிறுத்தவில்லை. "அன்னிக்கு ராத்திரியே என் கையில குடுத்தான். 'இது யாரு சுத்துன்னு உனக்கே தெரியும், நைனா பையில போட்டுடு'ன்னான். அதான் கடைசியா அவன் வாயில அந்த வார்த்த வந்தது."

"அந்தப் பொண்ணு எனக்கு போன் பண்ணது?"

"அந்தப் பொண்ணு ஜூலையிலயே சொல்லிடுச்சி. அதுக்குள்ள வேற ஆளு எடுத்துட்டாங்களாம்."

"ஏன் யாரும் என்னக் கேக்கல? அடிக்கலாம் இல்ல, திட்டலாம் இல்ல?"

"நான் கேக்குறேன்னுதான் சொன்னேன். 'வுடும்மா, அவரு தூக்கம் கெட வேணாம்'னுட்டான்."

வெங்காயம் முடிந்தது. தட்டை எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் போனாள்.

மத்தியானம் படுத்தேன். ஒற்றைச் செங்கல் சுவருக்கு அந்தப் பக்கம் எதுவும் ஓடவில்லை. தெருவில்கூட ஒரு வண்டி போகவில்லை. மூன்று மணி வரை சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். பிறகு எழுந்து போய் சீலிங் ஃபேனை ஐந்தில் வைத்தேன். டக்டக் என்று அடிக்க ஆரம்பித்தது. அப்படியே விட்டுவிட்டு வந்து படுத்தேன்.